மிராசு வீட்டு வாரிசு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அண்ணன் குளத்தூர் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்தார். விசாரிக்க வீட்டுக்கு வந்த வி.ஏ.ஓ.வுக்கு டீ கொண்டுபோய் வைத்தபோதுதான் விஷயம் என் காதில் விழுந்தது. வாரிசு அவர் ஒருவர்தானாம். அப்போ நான் யார், டீ மாஸ்டரா?

அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. எங்களுடையது மிராசு குடும்பம். மிச்சமிருப்பது என்னவோ கீரனூர் ரோட்டோரம் கருவேலம் மண்டிய கொஞ்சம் நிலம்தான். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் மிராசுதார் என்று போடாமல் அச்சாபீசை விட்டு இறங்கமாட்டார்.

நான் மஸ்கட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் அரபி டைப் அடித்தே தலை நரைத்தவள். அங்கே அன்றாடம் கையில் பட்ட வார்த்தைகள் இவை. வரிஸ என்றால் ஒருவருக்குச் சொத்து வந்து சேர்ந்தது. சேர்ந்தவர் வாரிஸ், பலர் இருந்தால் வரஸா. அந்தச் சொத்து மீராஸ். ஆக, அண்ணன் தூக்கிச் சுமக்கும் மிராசும் எனக்கு இல்லை என்கிற வாரிசும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த ஊர்ச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான், ஆனால் பெயர் விடுபடாது. இத்தனையையும் வி.ஏ.ஓ. முன்னால் வகுப்பெடுத்தேன். பாவம், டீ ஆறிப்போனது.

நிலம் வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அப்பாவின் பிள்ளைகள் என்று எழுதும் இடத்தில் என் பெயர் இருந்தால் போதும் என்றேன். அண்ணன் மசியவில்லை.

“கட்டிக்குடுத்த பொம்பளப்புள்ள எப்புடிங்க வாரிசாகும்?” என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல். அவரோ குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று ஆறின டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஒரே பிள்ளை, அதுவும் மகள். திருச்சி காலேஜிலிருந்து அப்போதுதான் பஸ் இறங்கி வந்தவள், பையைக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப எனக்குக் கல்யாணமாயிட்டா, ஒங்களுக்கு யாருப்பா வாரிசு?”

அண்ணன் மீசையைத் தடவினார், மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, “தங்கச்சி பேரையும் எழுதிக்கங்க” என்றார்.

அப்பா செத்த அன்றுகூட அழாதவள், உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்று அழுதேன். அப்பா வழியில் எனக்கு வரவேண்டியது அண்ணன் மகள் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு அரபியில் என்ன வார்த்தை என்று யோசித்துப் பார்த்தேன். மஸ்கட்டில் அப்படி ஒன்றை நான் டைப் அடித்ததே இல்லை.