ஒட்டுக்குக் கீழே ஒரு கிளை

என் சாத்துக்குடித் தோட்டத்தில் ஒரு கன்றில் ஒட்டுக்குக் கீழே முளைத்த முள்கிளையை வெட்டினேன். கையெல்லாம் காட்டெலுமிச்சை வாசனை. எனக்கு மறுபடி ஏழு வயது.

சாத்துக்குடி தின்ன ஆசைப்பட்டு, ஒடுகத்தூரிலிருந்து ஒரே ஒரு கன்றைத் தோளில் சுமந்தபடி அப்பா மலையேறி வந்தார்.

“வேரு காட்டெலுமிச்ச, பாப்பா. மேல ஒட்டுனதுதான் சாத்துக்குடி. காட்டெலுமிச்ச வேருதான் வேகமா வளரும்.”

ஒட்டுக்குக் கீழே அந்த வேர்ப்பகுதி விட்ட ஒரு கிளை என்னைவிட உயர்ந்தது. அதை வெட்ட அப்பா கத்தியோடு வந்தார். முள் குத்த அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“சரி வுடு, அழாத” என்று கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தக் கிளை சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ள, மேலே ஒட்டிய சாத்துக்குடி காய்ந்துபோனது. காய்த்ததெல்லாம் காட்டெலுமிச்சை. கடைசிவரை அதைத்தான் சாமைச் சோற்றில் பிழிந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு தின்றார். “எம் பொண்ணு மரம்” என்பார் வருகிறவர்களிடம்.

இன்று மற்ற எல்லாக் கன்றுகளிலும் வெட்டிவிட்டேன். கடைசிக் கன்றில் மட்டும் வெட்டக் கை வரவில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.