கராஜுக்குள் மாட்டிக்கொண்ட சாஞ்சி

போன சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டு கராஜ் முன்னால் ஒரு வாடகை ட்ரக் வந்து நின்றது. ட்ரக்குக்கும் கராஜுக்கும் நடுவில் நாலைந்து இன்ஜினியர்கள். ஆளுக்கொரு அளக்கும் டேப் கையில். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

கராஜுக்குள்ளே சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயில் கம்பீரமாக நிற்கிறது. வெளியே வர மாட்டேன் என்கிறது!

தலையும் வாலும் புரியவில்லையா? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

ஜனவரியில் என் கணவர் சுந்தருக்கு வேலை போய்விட்டது. சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். (ஈரோட்டில் என் மாமனார், மகன் அமெரிக்காவில் கட்டடம் கட்டுகிறான் என்றுதான் இன்றுவரை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) காலையில் ஒரு அவசர மீட்டிங். அடுத்த வாரமே லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு காலி அட்டைப்பெட்டி வீட்டு வாசலுக்கு வந்தது.

வேலை போனதைக்கூட மனுஷர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு ஒன்று... ஒரே ஒரு கேள்வி.

'எனி அப்டேட்?'

கோயிலில் புளியோதரை வரிசையில் நின்றால் எனி அப்டேட். கடையில் முருங்கைக்காய் பொறுக்கினால் எனி அப்டேட். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ராமநாதன் அங்கிள், வாக்கிங் போகிற வழியில் சுந்தரைப் பார்த்தால் போதும், தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, "சுந்தர்... எனி அப்டேட்?" கேட்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். கஷ்டமே அதுதானே! கெட்டவர்களாக இருந்தால் வீட்டுக்கு வந்து திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

சுந்தர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். காபி ஆறிப்போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ளாமல் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் குளிர்கோட்டின் பாக்கெட்டிலிருந்து ஒரு இருநூறு ரூபாய் நோட்டு வந்தது. போன தடவை ஊருக்குப் போனபோது செலவாகாமல் தப்பித்த நோட்டு. அதன் பின்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? சாஞ்சி ஸ்தூபி இருக்கும். நாம் எல்லாரும் காய்கறிக்காரரிடம் நீட்டுவோம், சில்லறை வாங்குவோம், பார்க்க மட்டும் மாட்டோம். சுந்தர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் லேப்டாப்பில் படம் படமாகத் தேடினார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தார். "இதைப் பாரேன். ரெண்டு தூணு. அதுக்கு மேல மூணு குறுக்குச் சட்டம். சட்டத்தோட ரெண்டு முனையும் பாயைச் சுருட்டின மாதிரி சுருட்டி விட்டிருக்கான். கல்லுல!"

"சாம்பார் விட்டுக்கோங்க."

"தூணு மேல யானை. நாலு பக்கமும் பார்க்குது. நம்ம டவுன்ஷிப் கலாசார விழாவுக்கு நான் இதைக் கட்டப் போறேன்."

நானும் மகள் அனன்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐக்கியா கடையில் வாங்கிய அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று ஸ்க்ரூவை மிச்சம் வைத்த மனிதர் இவர்.

"எதுக்குங்க?" என்றேன்.

சாம்பாரை விட்டுக்கொண்டார். "இல்ல... எல்லாரும் 'எனி அப்டேட்?'னு கேக்கறாங்க. இதைக் கட்டிட்டா 'எப்படிக் கட்டினே?'னு கேப்பாங்க இல்ல?"

அதற்குமேல் நான் கிண்டல் பண்ணவில்லை. அன்றைக்கு மட்டும்.

கராஜிலிருந்து கார் வெளியேறியது. தெர்மகோல் பலகைகள் உள்ளே நுழைந்தன. மரச்சட்டம், பசை, சூடாக்கி வெட்டும் கத்தி, மணல் நிறப் பெயின்ட். எங்களுடையது ஒற்றைக் கார் கராஜ் வைத்த டவுன்ஹவுஸ். மார்ச் மாதப் பனியில் தினமும் காரைச் சுரண்டிவிட்டுத்தான் நான் ஆபீஸ் போனேன். போகும்போது உள்ளிருந்து சுந்தரின் விசில் சத்தம் கேட்கும். அந்த விசிலுக்காக இன்னும் இரண்டு காரைச் சுரண்டியிருப்பேன்.

சாஞ்சி வாசலில் ஒரு யட்சி உண்டு. மாமரக் கிளையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒயிலாக ஒடித்து, ஓரத்தில் சாய்ந்து நிற்பாள். அதற்கு மாடல் வேண்டுமாம். யார் கிடைப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை, மாமரக்கிளைக்குப் பதில் கராஜ் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நான்.

"இடுப்பை இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இடுப்பே இல்லீங்க."

"ரெண்டாயிரம் வருஷமா அவ நிக்கறா. நீ ரெண்டு நிமிஷம் நில்லு."

நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் அதே ஒயிலில்தான் ஆபீஸில் நடமாடினேன். அசல் யட்சிக்கு ஆடை என்று பார்த்தால் ஆபரணம்தான் ஜாஸ்தி. என் முகத்தை வைத்துவிட்டு அப்படியே விட முடியுமா? சுந்தர் அவளுக்கு ஒரு சால்வையைச் செதுக்கிப் போர்த்திவிட்டார். ஜெர்சி குளிர் அப்படி!

தினம் ஒரு தகவல் சாப்பாட்டு மேஜைக்கு வரும். அந்தப் பழைய சிற்பங்களில் புத்தரின் கதை முழுக்க இருக்கும், புத்தர் மட்டும் இருக்க மாட்டாராம். அரண்மனையை விட்டு அவர் கிளம்பும் காட்சியில் குதிரை போகும்; அதன்மேல் ஆள் இருக்காது, குடை மட்டும் பிடித்திருப்பார்கள். கடைசியில் இரண்டு பாதச் சுவடுகள். பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அனன்யா போனைப் பார்த்துக்கொண்டே "ஓகே, தட்ஸ் ஆக்சுவலி கூல்" என்றாள். டீன் ஏஜ் வாயிலிருந்து இது பாரத ரத்னாவுக்குச் சமம்.

விழா நாள் வந்தது. ட்ரக்கோடு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பிரபு வந்தான். சுந்தரின் கல்லூரி ஜூனியர், மெக்கானிகல். கூடவே நண்பர் பட்டாளம். கராஜ் கதவு மேலே ஏறியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. சுந்தரின் முகத்தில் சிரிப்பு காது வரைக்கும்.

தூக்கினார்கள். இரண்டடி நகர்ந்தது. நின்றது.

நிறுத்திவைத்தால் கதவைவிட உயரம். படுக்கவைத்தால் கதவைவிட அகலம். குறுக்கே சாய்த்தால் யானை இடிக்கிறது. ட்ரக்கை அளந்தாயிற்று, விழா நடக்கும் பள்ளிக்கூட ஜிம் வாசலை அளந்தாயிற்று, மேடையை இரண்டு தடவை அளந்தாயிற்று. சொந்த கராஜ் கதவை யாராவது அளப்பார்களா?

"அப்பா, யூ டிடின்ட் மெஷர் த டோர்?" என்றாள் அனன்யா. அந்த நேரத்தில் கேட்கக் கூடாத ஒரே கேள்வி.

"கழட்டிடலாம் சார்," என்றான் பிரபு.

கழற்ற முடியாது. சாஞ்சியில் கல்லில் கட்டியவர்களே தச்சுவேலை மாதிரி துண்டு துண்டாகச் செய்து ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறார்கள். தெர்மகோலில் கட்டிய என் கணவர் மொத்தத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டார். "ட்ரக்குல போறப்ப காத்தடிச்சா தாங்கணுமில்ல..." என்று இழுத்தார்.

பிரபு ட்ரக்கிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தான். "நடுவுல ஒரே ஒரு கட் சார். அங்க போய் டேப் போட்டு ஒட்டிக்கலாம், யாருக்கும் தெரியாது."

சுந்தர் யானையின் தும்பிக்கையைத் தடவினார். "சரி, வெட்டு" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். காலி அட்டைப்பெட்டி வந்த அன்றைக்குக் கேட்ட குரல்.

என்ன வேகத்தில் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "யாராவது ரம்பத்தை வெச்சீங்க... நடக்கறதே வேற!"

"அக்கா, உங்க இடுப்பு!" என்று பதறினான் பிரபு. யட்சிக் கதை அவன் வரைக்கும் போயிருக்கிறது.

"என் இடுப்பை நான் பார்த்துக்கறேன். நீ ரம்பத்தை உள்ள வை."

"விழாவுக்கு என்னத்த எடுத்துட்டுப் போறது?" என்றார் சுந்தர். நியாயமான கேள்வி.

பதில் அனன்யாவிடமிருந்து வந்தது. "பட் அப்பா, யூ செட் தே நெவர் ஷோ புத்தா!"

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம், பாருங்கள்... சுந்தர் ட்ரக்கில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

அன்று மாலை விழாவில் எங்கள் இடம் காலி. நடுவில் ஒரு குடை. கீழே, மிச்சத் தெர்மகோலில் வெட்டிய இரண்டு பாதங்கள், பெரிய சைஸ். பக்கத்தில் ஒரு பலகை: 'வாசல் இங்கே இல்லை. எங்கள் கராஜில் இருக்கிறது. நாளை வந்து பாருங்கள்.' கீழே விலாசம். பிரபு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏர்லி புத்திஸ்ட் ஆர்ட்ல மெயின் ஆளைக் காட்ட மாட்டாங்க, நீங்கதான் இமேஜின் பண்ணிக்கணும்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து இடத்தில் நிஜ ஒட்டகச் சிவிங்கி உயரத்துக்குப் பொம்மை வைத்திருந்தார்கள். கூட்டம் எங்கள் குடையைச் சுற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரைக்கும் கார். கராஜ் வழியாக வரிசை வரிசையாக வந்தார்கள். தோரண வாயிலைத் தாண்டி, வாஷிங் மெஷினைத் தாண்டி, சமையலறைக்கு வந்து டீ குடித்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியேறினார்கள். பால் தீர்ந்து இரண்டு தடவை கடைக்கு ஓடினேன். எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி கூட்டத்தைப் பார்த்து, பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் என்று நினைத்துக்கொண்டு வந்து, "ஹவ் மச் ஃபார் தி எலிஃபன்ட்?" என்று கேட்டார். ஒரு ஆன்ட்டி யட்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சால்வை உனக்கு நல்லா இருக்கும்மா" என்றார்.

எல்லாரும் சுந்தரிடம் கேட்டது ஒரே கேள்வி. 'எப்படிக் கட்டினே?' தொண்டை கட்டும்வரை பதில் சொன்னார்.

இந்த ஊரில் நாம் முன்வாசலுக்கு மாவிலை கட்டுகிறோம், கோலம் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், வெல்கம் மேட் போடுகிறோம். என்றைக்காவது அந்த வழியாக நுழைந்திருக்கிறோமா? எப்போதும் கராஜ், துணி துவைக்கிற இடம், செருப்புக் குவியல்... நிஜமாக நுழைகிற இடத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. இப்போது நான் தினமும் பால் கேனும் கொத்தமல்லிக் கட்டுமாக சாஞ்சி வாசல் வழியாக வீட்டுக்குள் போகிறேன். மகாராணி மாதிரி இருக்கிறது. கார் வெளியே நிற்கிறது, நிற்கட்டும்.

வேலை? இன்னும் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார். ராத்திரி எனக்குப் பயமும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நேற்று மாலை ராமநாதன் அங்கிள் வாக்கிங் வந்தார். வழக்கம்போல் தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, "சுந்தர்... எனி அப்டேட்?" கராஜ் ஓரம் நின்றிருந்த நான் சுந்தரின் முகத்தைப் பார்த்தேன்.

பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டே சுந்தர் உற்சாகமாகச் சொன்னார்: "ஆமா அங்கிள்! உச்சியில சக்கரம் வெக்கணும், அதுதான் பாக்கி. ஏணியைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

அங்கிள் பிடித்தார்!