எர்த்துக்கு ஊற்றிய தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில், வேங்கிக்காலில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து நான் செய்த முதல் பெட்டி, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அக்காவின் மோட்டார் கொட்டகைக்குப் போனது. கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே போடும். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்தும். அக்காவுக்கு முழங்கால் வலி. வரப்பில் நடக்க வேண்டாமே என்றுதான் வாங்கினார்.

பெட்டி மோட்டாரைப் போடத்தான் செய்தது. ஸ்டார்ட்டர் டக்கென்று விழுந்த அடுத்த நொடியே உள்ளே மூளையாக இருந்த மைக்ரோகண்ட்ரோலர் சிப் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். மோட்டார் நின்றுவிடும். முன்பு ஒரு தடவை நடந்த அக்கா இப்போது நான்கு தடவை நடந்தார்.

என் அறையில் ஒழுங்காக ஓடிய பெட்டி அது. அங்கே மோட்டாருக்குப் பதில் பல்பை வைத்துத்தான் பார்த்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"உங்க எர்த் சரியில்லக்கா. குழியில உப்பும் கரியும் போட்டு தெனம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

மூன்று வாரம் கழித்துப் போனேன். எர்த் குழி ஓரம் வாடிக்கிடந்த தக்காளிச் செடி பூவிட்டிருந்தது. பெட்டி அப்படியேதான் இருந்தது.

"இன்னாம்மா, வூட்லேந்து தண்ணி தூக்கியாந்து ஊத்தி ஊத்தி என் முட்டி போச்சி. உன் பொட்டிக்குள்ள எர்த்து இல்லியா? அத்த பாத்தியா? பௌர்ணமி வரைக்கும் பாப்பேன். அப்பால கழட்டிடுவேன்."

கழட்டினால் அந்த ஊரில் வேறு யாரும் என்னைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். பஸ் ஏறும்போது அவர் மேல் கோபமாக இருந்தது. இறங்குவதற்குள் அது என் மேலேயே திரும்பிவிட்டது.

பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில், கரண்ட் திரும்பிப் போகும் செம்புக் கோட்டையும் நாங்கள் எர்த் என்றுதான் சொல்வோம். அழகாக இருக்கட்டும் என்று அதை மயிரிழையாக வரைந்திருந்தேன். ஸ்டார்ட்டரைத் தட்டிவிடும் ரிலேயின் கரண்டும் மைக்ரோகண்ட்ரோலரின் கரண்டும் அந்த ஒரே கோட்டில்தான் திரும்பின. ரிலே இழுக்கும்போதெல்லாம் மைக்ரோகண்ட்ரோலரின் காலடியே ஆடியிருக்கிறது.

புதிதாக வரைந்தேன். ரிலேக்குத் தனி வழி. இரண்டும் பவர் நுழையும் இடத்தில் மட்டும் சேரும். மீதி இடமெல்லாம் போர்டின் செம்பை அரிக்காமல் எர்த்துக்கே பட்டையாக விட்டேன். மூலையில் கிடந்த, கரண்ட் ஆட்டத்தைத் தாங்கும் கெபாசிட்டரை மைக்ரோகண்ட்ரோலரின் காலை ஒட்டி வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. பழைய ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி வந்து நூறு தடவை தட்டினேன். மூன்று தடவை மறந்தது. தண்ணீர் மட்டம் பார்க்கும் ஒயரை ஸ்டார்ட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன், அதைப் பிரித்தேன். நானும் விடுவதாக இல்லை. மறுபடி நூறு தடவை. ஒன்றுகூட மறக்கவில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள், கிரிவலக் கூட்டம் ஊருக்குள் வந்துகொண்டிருக்க நான் வெளியே பஸ் பிடித்தேன். புது போர்டை மாட்டியதும் மோட்டார் ஓடியது. கரண்ட் போகும் வரை நிற்காமல் ஓடியது.

"தப்பு என் மேலதான்க்கா. உங்க எர்த்து நல்லாத்தான் இருந்துச்சி."

அக்கா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இனிமே நான் நடக்க வாணாம் இல்ல?"

"வாணாம்க்கா."

"அப்ப அந்த தக்காளிக்கு இன்னிக்கு நீ ஊத்து" என்று குடத்தை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு குடம் ஊற்றினேன். வரப்பு நான் நினைத்ததைவிட நீளம்.