காருக்குப் போட்ட சீயக்காய்

நல்லெண்ணெய், சீயக்காய், டீசல் மூன்றும் ஒரே காற்றில் கலந்து வந்தால் என் மூக்குக்கு அது தீபாவளி. மற்ற வீடுகளில் முறுக்கு வாசனையில் தொடங்கும் பண்டிகை எங்கள் வீட்டில் காரின் அடிவயிற்றிலிருந்து தொடங்கும். சூடான பழைய எண்ணெய் தகர டின்னுக்குள் கருப்புக் கயிறு மாதிரி இறங்கி, கடைசிச் சொட்டும் விழுந்த பிறகுதான் அம்மா பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவார். புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கும் அந்த எண்ணெய்க்கு எங்கள் பக்கத்தில் 'மின்யாக் ஹித்தாம்', கருப்பெண்ணெய், என்று பெயர். கடைசியில் ஆகப்போகிற நிறத்தை முதலிலேயே பெயராக வைத்துவிட்டார்கள். மனுஷர்களுக்கும் இப்படிச் செய்திருந்தால் என்னைத் தொட்டிலிலேயே 'சர்க்கரை வியாதிக்காரி' என்று கூப்பிட்டிருப்பார்கள்.

அப்பாவின் கார் என்னைவிட மூத்தது. மலேசியாவில் குவாலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் பிடிக்க 'நாலு கட்டை', அதாவது நாலு மைல், செம்பனை மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். முதுகுவலியால் குலை வெட்டுகிற வேலையை விட்ட அப்பா, அந்தக் காரில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கு ஓட்ட ஆரம்பித்தார். ஐந்து பேருக்கான காரில் ஒன்பது பிள்ளைகள் போனோம். 'பொம்பளப் புள்ள அவ்வளவு தூரம் நடந்து படிக்க வேணாம்' என்று முடிவு கட்டியிருந்த வீடுகள்கூட, கார் என்றதும் இறங்கி வந்தன. அப்படி வந்தவள்தான் பிலோமினா. பக்கத்து வீடு, என் வகுப்பு, கணக்கில் புலி. நான் அவளைப் பார்த்து எழுதியதால் நானும் ஒரு சின்னப் பூனை. காற்று படாவிட்டால் வாந்தி எடுப்பாள் என்பதால் இடதுபக்க ஜன்னலோரம் அவளுக்கென்றே இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காருக்கு எண்ணெய் மாற்றிச் சந்தனப் பொட்டு வைப்பது அப்பாவின் வழக்கம். "நமக்கு மட்டும் எண்ணெய்க் குளியலா? அதுவும் நம்ம வீட்டுப் புள்ளதானே" என்பார். நான் இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்த வருஷம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு குழாயடியில் லயமே கூடியிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"ஏம்ப்பா, வருசா வருசம் எண்ணெய மட்டும் தேய்க்கிறீங்களே, சீயக்காய் போட்டு அலச வேணாமா? தலை பிசுபிசுன்னு இருக்காதா அதுக்கு?"

குழாயடி அதிர்ந்தது. தோட்டத்தில் கங்காணியாக இருந்த மண்டோர் தாத்தா வாய்க் கொப்பளித்த தண்ணீரைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார். நான் சொல்லி ஊர் சிரித்த முதல் ஜோக் அது. அப்பாவின் முகத்தில் அன்று பார்த்த பெருமையை, என் பரீட்சைத் தாள் எதுவும் அதற்கு முன் வரவழைத்ததில்லை.

"சரியாத்தான்லா கேக்குறா! இன்ஜினும் உள்ள அழுக்காத்தானே கெடக்கு? இந்த வருசம் டீசல் ஊத்தி அலசிடுவோம்" என்றார்.

மறுநாள், தீபாவளிக்கு முதல் நாள், எண்ணெய் வாங்க ஆற்றோரம் இருந்த பாசிர் பெனம்பாங்குக்குப் போனோம். அங்கே ஆ செங் என்ற சீனர் மீன்பிடிப் படகு இன்ஜின்களோடு எங்கள் தோட்டத்துக் கார்களையும் பார்ப்பார். பட்டறை முழுக்கக் கருவாடும் கிரீசும் மணக்கும். தோட்டத்து ஆட்களோடு பழகியே தமிழ் கற்றவர். அப்பா ஆட்டிறைச்சிக் கடை வரிசைக்குப் போக, நான் மட்டும் பட்டறைக்குள் போனேன். ஆ செங் கெட்டியான எண்ணெயாகப் பார்த்து இரண்டு டின் எடுத்து வைத்தார்.

"பழைய வண்டிக்கு இதுதான். தண்ணி மாரி எண்ணெய் ஊத்தினா எல்லா எடத்துலயும் ஒழுகும்."

என் சீயக்காய் ஜோக்கை அவருக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மோய், அப்பாகிட்ட சொல்லு. இந்த வண்டி சும்மா அலசக் கூடாது. கீழ எண்ணெய்ச் சட்டி இருக்கு, சட்டி உள்ள சின்ன வலை இருக்கு. இன்ஜின் அதுலதான் எண்ணெய் குடிக்கும். பத்து வருசத்து அழுக்கு விட்டு வந்தா வலை அடைச்சிடும். எண்ணெய் மேல ஏறாது. இன்ஜின் செத்துடும், தெரியுமா? பெருநாள் முடிஞ்சு கொண்டா. நான் சட்டி கழட்டிக் கழுவித் தர்றேன்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எதிரே அப்பா, கையில் இறைச்சிப் பை, பக்கத்தில் கடைக்கார பாய். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பாய், இவதான் அந்தச் சீயக்காய்க்காரி!" என்று அப்பா என் தோளைத் தட்டினார். பிறகு கேட்டார், "என்னம்மா சொன்னாரு ஆ செங்?"

எச்சரிக்கை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் டீசல் கிடையாது, அலசல் கிடையாது, பண்டிகைக்கு என் ஜோக்கும் கிடையாது.

"கெட்டி எண்ணெய்தான் நல்லதாம்ப்பா" என்றேன். பொய்யில்லை. பாதி.

சாயங்காலம் லயம் வேடிக்கை பார்க்க, அப்பா பழைய எண்ணெயோடு டீசலைக் கலந்து, இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, இறக்கினார். அவ்வளவு கருப்பை நாங்கள் பார்த்ததில்லை. கை தட்டினோம். புது எண்ணெய் ஊற்றியதும் கார் பூனை மாதிரி உறுமியது. அப்பா அன்று இரண்டு பொட்டு வைத்தார்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் காலை, புக்கிட் பெலிம்பிங் பக்கம் போகும்போது அப்பாவின் முன்னால் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன எண்ணெய்விளக்குப் படம் எரிந்தது. "பாருங்கடி, கார் இன்னும் தீபாவளி கொண்டாடுது!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் அவசரமாக ஓரம் கட்டினார். அதற்குள் அம்மிக்கல்லை இரும்புச் சட்டியில் போட்டு உருட்டுவது போல உள்ளே கடகடத்தது, நின்றது. பிலோமினா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அங்கிள், நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" என்றாள். வெள்ளையும் நீலமுமாய்ப் பள்ளிச் சீருடையில் ஒன்பது பேரும் தள்ளினோம். கார் உருண்டது. இன்ஜின் அசையவே இல்லை.

கயிறு கட்டி இழுத்துப்போய், ஆ செங் பட்டறையில் சட்டியைக் கழற்றினார்கள். வலையை மூடி, கருப்பு அல்வா மாதிரி அப்பியிருந்தது. ஆ செங் அதை விரலால் வழித்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் இரண்டு ஜடையும் நடுங்கின.

"என்னாச்சு ஆ செங்? நான் அலசினதாலயா?" என்று கேட்டார் அப்பா.

ஆ செங் விரலைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். "வண்டி பழசு லா" என்றார். அதோடு சரி. அவர் என்னைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேறு இன்ஜின் போடுவது எங்களால் ஆகாத காரியம். அப்பா கிள்ளானில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் விருந்தாளி ஆனார். என்னை டவுனிலிருந்த அத்தை வீட்டில் விட்டார்கள், நான் படித்தேன். பையன்கள் நாலு கட்டை நடந்தார்கள். பிலோமினாவுக்கு டவுனில் அத்தை யாரும் இல்லை. மூன்றாம் படிவத்துக்கு அவள் வரவில்லை. தம்பிகளைப் பார்த்துக்கொண்டாள், பிறகு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். என் கணக்குப் பரீட்சையில் அந்த வருஷமே உண்மை வெளிவந்தது.

இப்போது அந்த லயம் இருந்த இடத்தில் மாடிவீட்டு வரிசை. ஆ செங் பட்டறை கடலுணவுக் கடையாகிவிட்டது. நண்டு தின்னப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு வலை கழற்றப்பட்டது தெரியாது. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. கடைசி மாதங்களில்கூட, "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன், வண்டியைக் கெடுத்துட்டேன்" என்பார். நான் அவருக்குத் தலையணையைச் சரிசெய்வேன். போன மாதம் கார் சர்வீஸுக்குப் போனபோது ஒரு தம்பி, "அக்கா, பழைய வண்டி லா, இன்ஜின் ஃப்ளஷ் போட்டு அலசிடலாமா?" என்று கேட்டான். நான் சாவியைப் பிடுங்காத குறையாக வெளியே வந்தேன்.

பிலோமினா ஒவ்வொரு தீபாவளிக்கும் பேரனோடு என் வீட்டுக்கு வருவாள். இட்லி இறங்குவதற்குள், "கமலா, அந்தச் சீயக்காய்க் கதையச் சொல்லுடி" என்பாள். சொல்வேன், முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய கதை. மண்டோர் தாத்தா தண்ணீரை விழுங்குவதையும், கார் தீபாவளி விளக்கு ஏற்றியதையும் நடித்துக் காட்டுவேன். எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரிப்பாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஜன்னலோரம் எனக்குத்தான்டா இருந்துச்சு" என்று பேரனிடம் சொல்வாள். ஆ செங் என்னிடம் சொல்லி அனுப்பியதை மட்டும் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். பிலோமினா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள். நன்றாகவே படிப்பாள், இரண்டாம் படிவம் வரை படித்திருக்கிறாள்.