மூக்கை மூடிக்கொண்டு வந்தவர்

சர்க்கார் பாக்டரி இன்ஸ்பெக்டர் அவர். தேனியில் என் கணவர் கணக்கெழுதிய பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பாக்டரிக்குள் நுழைந்தது முதல் வெளியே வரும்வரை, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவேயில்லை. கூலிப் பெண்களின் கைக்குழந்தைகள் தினமும் அங்கே இயந்திரத்தடியில், பஞ்சுத் தூசியில்தான் கிடக்கும். அவர் வரும் நாளில் மட்டும் மில்காரர்கள் அவற்றைப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

காப்பி குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், “இத்தனையும் உங்க பிள்ளைங்களாம்மா?” என்றார்.

உண்மையைச் சொன்னால் கணவரின் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் மடியிலிருந்த என் மகளை இறுக அணைத்துக்கொண்டு, “இல்லைங்க. மில்லுக்குள்ள கெடக்குற பிள்ளைக. நீங்க வாரீகன்னு இங்கன கொண்டாந்து போட்டாக. எப்படி இருமுதுகன்னு கேளுங்க” என்றேன்.

“நான் பார்த்தப்ப அங்கே குழந்தையே இல்லையேம்மா!” என்று சிரித்தார்.

போகும்போது வாசலில் கைக்குட்டையை உதறினார். பஞ்சு பறந்தது. தூசி நெஞ்சுக்குள் போகும் என்று தெரியாமலா அவர் மூக்கை மூடினார்?