கலைவாணி அக்கா கேளாமல் போன கேள்வி

பாடசாலையின் ஆசிரியர் அறையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவிஸின் கூர் நகரிலிருந்து கலைவாணி அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா." கோப்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்தப் பாடசாலையில் கலைவாணி அக்கா வரலாறு கற்பித்தார், நான் கணிதம். அவரோடு வாதாடி வென்றவர் எவருமில்லை.

ஒருமுறை தமிழ் மன்றத்தில், இருபது டாலர் தாளில் இருக்கும் அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதியைப் பற்றிப் பேசினார். அநாதையாக வளர்ந்தவர், பணக்காரரின் வங்கியோடு மோதியவர், சாதாரண சனங்கள் தங்கள் ஆள் என்று தலையில் வைத்துக் கொண்டாடியவர் என்றார். மண்டபம் கை தட்டியது. தேநீரும் ரோல்ஸும் முடிந்து எல்லோரும் அமர்ந்ததும் மீதியைச் சொன்னார். அதே மனிதர் அடிமைகளை வைத்திருந்தார். அவர் கையெழுத்திட்ட சட்டத்தால் பூர்வகுடிகள் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டார்கள்; குளிரில் நடந்து வழியிலேயே செத்தார்கள். ஊரில் போரால் இடம்பெயர்ந்து அப்படி நடந்தவர்கள் பலர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள்.

முன்வரிசையில் ஓர் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, இதை முதலே சொல்லியிருக்கலாமே? வீணாக் கை தட்டிப்போட்டம்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை அண்ணை. அவருக்குப் பின்னால போனதும் உங்களைப்போல நல்ல சனங்கள்தான்."

திரும்பும்போது ரயிலில் கேட்டேன்: "ஏனக்கா, அந்த ஜனாதிபதியை விடமாட்டீங்களோ?"

சிறுமியாக இருந்தபோது சுவிஸில் பார்த்த ஊர்க்கூட்டத்தைச் சொன்னார். வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கொடுப்பதை அப்போது ஊர்ச்சனங்களே தீர்மானிப்பார்கள். அவருடைய அப்பாவுக்குக் குடியுரிமை கொடுப்பதா என்று கை உயர்த்தி வாக்களித்தார்கள். வேண்டாம் என்று உயர்ந்த கைகளில், அவர்கள் தெருவில் கடை வைத்திருந்த சுவிஸ்காரப் பேக்கரி அம்மாவின் கையும் இருந்தது.

"அடுத்த நாளும் எனக்குச் சும்மா பணிஸ் தந்தவ. அவ கெட்டவ இல்லையடா. அதுதான் பயமாக் கிடக்கு. ஏனெண்டு ஒருநாள் கேக்கவேணும்."

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. தெருவில் யாராவது சிரித்து வணக்கம் சொன்னால், என் கண் அவர்கள் கைகளுக்குத்தான் போகும்.

கடைசியில் நோய் வந்து, அது முற்றிய பிறகும் அக்கா அதே பேக்கரியில்தான் பாண் வாங்கினார்.

"கேட்டீங்களோ அக்கா?"

"இன்னும் இல்லை. அவ பதில் சொன்னால், பிறகு நான் எங்க பாண் வாங்குறது?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறுதிச் சடங்குக்கு மூதாட்டி ஒருவர் தடியூன்றி வந்தார். "அவதான் பேக்கரி அம்மா," என்று அக்காவின் தம்பி என் காதில் சொன்னார். பெட்டியருகே நின்று அந்த அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை. பிறகு என் கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் பொத்தி, "எவ்வளவு நல்ல பிள்ளை," என்று ஜெர்மனில் சொன்னார். கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அவருடைய கைகள் இதமான சூட்டோடு இருந்தன.

போய் வாருங்கள் அக்கா. நானும் கேட்கவில்லை.