பதினாலரையில் அரைத்த காப்பி

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் யாராவது காப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் வாங்கியிருந்தால், அதை வாங்கச் சொன்னவர் அநேகமாக யாயத்தாகத்தான் இருப்பார். நிலப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. உயிரெல்லாம் காப்பிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில். எஸ்பிரஸோவுக்கு மாவு பதம், காகித வடிகட்டிக்கு ரவை பதம், இரண்டையும் ஒரே மெஷின் உருப்படியாகச் செய்யாது என்று குழுவில் நூற்றிருபது பேருக்குப் பாடம் நடத்தியிருந்தார். அவர் வீட்டில் மட்டும் கிரைண்டர் கிடையாது. எட்டு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார்.

"காங், இந்த ஞாயித்துக்கெழம உங்க வீட்லதான் கூடுறோம். உங்க மெஷினப் பாக்காம விட மாட்டோம்" என்றான் குழுவில் ஒருவனான மமன். மூத்தவரையும் கணவரையும் அங்கே 'காங்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

இல்லையென்று சொன்னால் குழுவில் இனி யார் மதிப்பார்கள்? சனிக்கிழமையே ஓடிப்போய் ஒன்று வாங்கிவந்தார். இரண்டு பதத்துக்கும் ஆகும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது. எதை வாங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னாரோ, அதே ரகம்.

"ரெண்டுக்கும் ஒண்ணு ஆகாதுன்னீங்களே, காங்?" என்று கேட்டாள் மனைவி நெனெங்.

"மத்தவங்களுக்குத்தான் ஆகாது."

ஞாயிறு காலை ஆறு பேர் வந்தார்கள். யாயத் ரவை பதத்தில் ஒரு கை கொட்டையை ஓட்டிக் காட்டினார். "எஸ்பிரஸோ காட்டுங்க காங்!" என்று குரல் வந்தது. மெஷினை நிறுத்தினார், உள்ளே கொட்டை பாதி கிடக்க, பதம் மாற்றும் திருகை ஒரே இழுப்பில் மாவு பதத்துக்கு இறுக்கினார். புதிதாகச் சேருபவனுக்கு முதல் நாளே இதைச் செய்யாதே என்று எச்சரிப்பவர் அவர். சுவிட்சைத் தட்டியதும் மெஷின் முக்கி முனகி நின்றுவிட்டது.

"சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

வந்தவர்கள் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், நெனெங் கண்ணாடித் தம்ளர்களில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மமன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆரஞ்சுத் தோல் வாசம்! அரவை என்னா சீரு! காலையிலயே அரைச்சு வச்சிட்டீங்களா? எத்தனாம் நம்பர்ல திருகு வச்சீங்க காங்?"

யாயத் தயங்கவே இல்லை. "பதினாலரை."

ஆறு பேரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். நெனெங்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பதினாலரையாம்! சந்தையில மாங் உஜாங் கடையில அரைச்சது, தம்பி. எனக்கு முன்னாடி ஒருத்தர் அதுல மக்காச்சோளம் அரைச்சிட்டுப் போனாரு."

யாயத்துக்கு முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் படித்தவர்கள்.

"தேத்தே, அந்த மெஷினுக்குப் பல்லு இரும்பா, கல்லா?" என்று நெனெங்கை அக்கா முறை வைத்துக் கேட்டான் மமன்.

"நான் என்ன அது வாயத் தொறந்தா பாத்தேன்?"

அடுத்த நிமிடம் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். யாயத் திருப்புளியோடு தனியே உட்கார்ந்தார்.

மதியம், எந்த கிரைண்டர் வாங்கலாம் என்று குழுவில் ஒரு புதியவன் கேட்டான். யாயத் நான்கு பத்தி பதில் எழுதி முடிப்பதற்குள் மமன் முந்திக்கொண்டான்: "மாங் உஜாங்கக் கேளுங்க."